கோயில்காடும் அரிய மரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில்காடுகளில் உள்ள மரங்களைப் பட்டியலிடும் வேலைக்கு உதவியாகப் புதுக்கோட்டை, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஏறத்தாழ இதே ஐயங்கள்தான் எழுகின்றன. சிலவற்றுக்கு அந்த இடத்திலேயே சரியான பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்து, படித்தும் மூத்தவர்களைக் கேட்டும் தெளிந்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை இயன்ற வரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். பின்வரும் பதில்கள் முந்தியவற்றைச் சுட்டுவதற்காகக் கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

1. கோயிலைச் சுற்றி நாலு மரம் நின்றால் அது கோயில்காடு ஆகிவிடுமா?

ஆகாது. பூசைக்குப் பூ வேண்டும் என்று நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது நந்தவனம். கோயில்காடு என்பது யாரும் நடாமல் தானே முளைத்த பழைய காட்டின் ஒரு துண்டு. சுற்றிலும் உழவுக்காகவும் குடியிருப்புக்காகவும் நிலம் திருத்தப்பட்டபோது, இது சாமிக்கு உரியது என்று ஊரார் தொடாமல் விட்டுவைத்த பகுதி அது. அய்யனார், கருப்பசாமி, முனீசுவரன், பிடாரி, ஏழு கன்னிமார் என்று ஊருக்கு ஊர் தெய்வம் மாறும். சுவரோ கோபுரமோ இல்லாமல் ஒரு வேலும் சில மண்குதிரைகளும் மட்டுமே இருக்கும் காடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே காட்டின் எல்லைதான் கோயிலின் எல்லை. முதல் மரத்தின் நிழல் விழத் தொடங்கும் இடத்திலேயே பெரியவர்கள் செருப்பைக் கழற்றுவதைக் கவனித்தால் இது விளங்கும்.

2. தலமரமும் கோயில்காடும் ஒன்றுதானே?

இரண்டும் ஒரே மனப்பாங்கிலிருந்து பிறந்தவை என்றாலும், அவை காப்பாற்றும் பொருள் வேறு. தலமரம் என்பது ஒரு திருத்தலத்துக்கு உரிய ஓர் இனம்: சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், குற்றாலத்துக்குக் குறும்பலா. இந்த மரபுக்கும் முன்னோடி உண்டு. சங்ககால மன்னர்கள் காவல்மரம் வைத்திருந்தார்கள், பகைவரின் காவல்மரத்தை வெட்டுவதே வெற்றியின் அடையாளமாகக் கருதப்பட்டது.

ஆனால் ஓர் இனத்தை மட்டும் போற்றுவது அந்த இனத்தைக் காக்கப் போதாது என்பதற்குத் தில்லையே சான்று. சிதம்பரத்துக்குத் தில்லைவனம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உப்பங்கழிச் சேற்றில் வளரும் அந்த மரத்தைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் இன்று பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பெயரும் வழிபாடும் நகரில் தங்கின, மரம் வேரூன்றிய சேறு தங்கவில்லை. கோயில்காட்டில் மரத்தோடு அதன் மண், சருகு, கொடி, புதர், விதையைப் பரப்பும் பறவை எல்லாம் சேர்ந்தே காக்கப்படுகின்றன.

3. எங்கள் ஊர்க் காட்டில் இருப்பதெல்லாம் வேம்பும் ஆலும்தான். இதில் என்ன அரிய மரம் இருக்கப்போகிறது?

வழிபாடு நடக்கும் முகப்பில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். இருபதடி உள்ளே போக வேண்டும். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் இருந்த காட்டை வனவியலாளர்கள் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துகிறார்கள். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆண்டின் பாதியை வறட்சியில் கழித்தும், முழுதாக இலையுதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் காடு அது. உயரம் அதிகமில்லை, முப்பது நாற்பது அடிதான். உழவுக்கு ஏற்ற தரையில் நின்றதாலேயே அது பெரும்பகுதி அழிந்துபோயிற்று. இன்று எஞ்சியிருக்கும் துண்டுகளில் பல, கோயில்காடுகளாக இருப்பதால் மட்டுமே எஞ்சியவை. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

வீரை, உலக்கைப்பாலை, இரும்புளி, கருங்காலி, குருந்து, காயா ஆகியவை இந்தக் காட்டின் மக்கள். 'அரிய' என்ற சொல்லை இங்கே சற்றுக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றுள் சில உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. வேறு மலைகளிலும் இலங்கையிலும் வளர்கின்றன. ஆனால் நம் சமவெளியில், வயலும் வீடுமாக மாறிவிட்ட பரப்பில், அவை நிற்க வேறு இடம் இல்லை. ஒரு வட்டாரத்திலிருந்து மரம் ஒன்று மறைந்துவிட்டால் அதன் விதையும் அந்த மண்ணுக்குப் பழகிய குணமும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன.

காயாவைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் காயா, காசா என்ற பெயரில், பல அய்யனார் காடுகளில் சிறுமரமாக நிற்கிறது. பூக்கும் காலத்தில் தடித்த பச்சை இலைகளுக்குக் கீழே, இலையற்ற குச்சியின் கணுக்களில் நேரடியாக ஒட்டிக்கொண்டு, நீலமும் ஊதாவும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். அந்த நிறத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

4. சாமி குத்தம் ஆகிவிடும் என்ற பயம்தானே காட்டைக் காப்பாற்றுகிறது?

பயத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் காடு இவ்வளவு காலம் நின்றிருக்காது. நெருங்கிப் பார்த்தால், நம்பிக்கை என்று நாம் பொதுவாகச் சொல்வது மிகத் துல்லியமான கட்டுப்பாடுகளின் தொகுதியாக இருக்கிறது. பச்சை மரத்தில் அரிவாள் வைக்கக் கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியைக் கொண்டு அங்கேயே பொங்கல் வைக்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆட்டை உள்ளே ஓட்டக் கூடாது. பொழுது சாய்ந்தபின் நுழையக் கூடாது. இந்தக் காட்டு மரத்தில் செய்த நிலையோ கலப்பையோ வீட்டில் தங்காது. கட்டுப்பாட்டின் எல்லையும் விலக்கும் இவ்வளவு தெளிவாக இருப்பதால் மீறியவர் யார் என்பதும் ஊருக்கு உடனே தெரிந்துவிடும்.

மீறினால் சாமி தண்டிக்கும் என்பதோடு ஊர்க்கூட்டமும் தெண்டம் விதிக்கும். ஓர் ஊரில், கிளை வெட்டியவர் ஊரார் முன் விழுந்து வணங்கி, மண்குதிரை ஒன்று செய்துவைக்க வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டேன். இங்கே காவலர் சம்பளமில்லாத ஊரார், நீதிமன்றம் ஊர்ச் சபை, சட்டத்தை ஆண்டுதோறும் நினைவூட்டுவது திருவிழா.

பயத்தைவிட ஆழமான ஒன்றும் உண்டு. 1730ஆம் ஆண்டு ராஜஸ்தானின் கேஜர்லி ஊரில், அரசின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி உள்ளிட்ட 363 பிஷ்ணோய் மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு உயிர் நீத்தார்கள் என்பது வரலாற்றில் நிலைத்த செய்தி. அவர்கள் காத்தது, நம் சிவாலயங்கள் பலவற்றில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. தண்டனைக்கு அஞ்சுபவர்கள் அப்படி உயிர் கொடுப்பதில்லை.

5. விழுந்த மரத்தைக்கூட எடுக்கக் கூடாது என்கிறார்கள். மக்கிப் போவது வீண்தானே?

காட்டுக்கு அது வீண் இல்லை. ஒரு முறை, காப்பாளர் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தம் கைத்தடியால் விழுந்து கிடந்த ஒரு பாலை மரத்தை ஒட்டியிருந்த சருகை மெல்ல விலக்கிக் காட்டினார். மேலே நொறுங்கும் காய்ந்த இலை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய பழைய இலை. அதற்கும் கீழே கறுத்து ஈரமாக இருந்த மண். அது சித்திரை மாதம், வெளியே வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த ஒரு சாண் ஈரத்தில் விரல் நீளத்தில் நான்கைந்து வீரைக் கன்றுகள் நின்றன.

இந்தக் காட்டு மரங்களில் பலவற்றின் விதைகள் நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்கத் தக்கவை அல்ல. நாவல், இலுப்பை போன்றவற்றின் விதைகள் உலர்ந்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழக்கும். விழுந்த இடத்தில் ஈரமும் நிழலும் இருந்தால்தான் அடுத்த தலைமுறை வரும். சருகை வாரி எருவுக்கும் சுள்ளியைப் பொறுக்கி அடுப்புக்கும் கொண்டுபோன காட்டில் மரங்கள் கம்பீரமாகவே நிற்கும், ஆனால் கீழே ஒரு கன்றும் இருக்காது. பட்ட மரத்தின் பொந்தில் ஆந்தையும் மரநாயும் தங்குகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழம் தின்று விதையைத் தொலைவில் போட்டுவிட்டு வருவது அந்த மரநாய்தான்.

6. எங்கள் காடு ரெண்டு ஏக்கர்தான் இருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் எதைக் காப்பாற்ற முடியும்?

யானையையும் புலியையும் காக்க முடியாது, மரங்களைக் காக்கலாம். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியில் உள்ள காசம்பட்டி வீரகோயில் காட்டின் பரப்பு 4.97 எக்டேர், அதாவது ஏறத்தாழ 12 ஏக்கர். அதையே தமிழ்நாடு அரசு 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பரப்பு சிறிது என்பது தகுதிக் குறைவு இல்லை.

ஆனால் சிறிய காட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீரை போன்ற சில இனங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கருங்காலியின் இனத்தாரிடமும் பொதுவாக இப்படித்தான். காட்டில் ஒரே ஒரு பெண் மரம் மட்டும் எஞ்சியிருந்தால், பக்கத்தில் ஆண் மரம் இல்லாத நிலையில் அது எத்தனை ஆண்டு நின்றாலும் வாரிசு வராது. மரத்தைக் காத்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அந்த இனமோ அந்த ஊரில் ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும். ஆகவே அடுத்த ஊர்க் காடும் நம் காட்டுக்கு வேண்டியதாகிறது. தேனீயும் வௌவாலும் கொண்டைக்குருவியும் போய்வரும் தொலைவில் காடுகள் இருக்க வேண்டும். இடையில் உள்ள கண்மாய்க்கரை மரங்களும் வேலியோரப் புதர்களும் அந்தப் பாதையின் படிக்கற்கள்.

7. இதெல்லாம் மூடநம்பிக்கையை வளர்ப்பதாகாதா? அறிவியலாகச் சொன்னால் போதாதா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் இளைஞர்கள் கேட்கிறார்கள், நேர்மையான கேள்வி. சாமி வந்து கண்ணைக் குத்தும் என்று ஒருவர் நம்பியே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான் மதிப்பது அந்த நம்பிக்கை உருவாக்கிய நடைமுறையை: எல்லை வகுத்த ஓர் இடம், தெளிவான கட்டுப்பாடு, மீறினால் கேட்க ஆள், தலைமுறை தாண்டிய நினைவு. காடு காக்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்த நான்கும் வேண்டும். இவற்றைச் சம்பளம் கொடுத்தும் கம்பிவேலி போட்டும் உருவாக்கப் பெரும்பாடு பட வேண்டியிருக்கிறது, ஊரில் அவை ஏற்கெனவே இருக்கின்றன.

அறிவியலும் இதை எதிர்க்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக இருந்த டீட்ரிச் பிராண்டிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெய்வக் காடுகளைப் பற்றிக் குறித்துவைத்தார். 1970களில் சூழலியலாளர் மாதவ் காட்கில், தாவரவியலாளர் வர்த்தக்குடன் சேர்ந்து மகாராஷ்டிரத்துக் காடுகளை ஆராய்ந்து, அவற்றின் உயிரியல் மதிப்பை எடுத்துரைத்தார். காவு எனப்படும் கேரளத்துத் தெய்வக் காடு ஒன்றிலிருந்து அதுவரை அறிவியலுக்குத் தெரியாதிருந்த ஒரு கொடியினமே 1980களின் தொடக்கத்தில் விவரிக்கப்பட்டது. காவைக் காத்தவர்களுக்கு அந்தக் கொடியின் அறிவியல் பெயர் தெரியாது, அவர்கள் காத்திராவிட்டால் பெயர் வைக்கக் கொடி இருந்திருக்காது.

8. இந்தக் காடு உண்மையில் யாருக்குச் சொந்தம்?

ஒரே விடை இல்லை. சில காடுகள் கோயில் புறம்போக்காகவும், சில அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயிலின் சொத்தாகவும், சில காப்புக்காட்டுக்கு உள்ளேயும், சில குறிப்பிட்ட பங்காளிகளின் பெயரிலும் இருக்கின்றன. ஊரார் நினைக்கும் எல்லையும் ஆவணத்தில் உள்ள எல்லையும் ஒத்துப்போகாத இடங்கள் ஏராளம்.

ஆகவே முதல் வேலையாகக் கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தின் வகையும் உரிமையும் பதிந்திருக்கும் 'அ' பதிவேட்டையும் எல்லை வரைந்திருக்கும் புலப்படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு வந்தபின் தேடினால் காலம் கடந்திருக்கும். பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம், ஆனால் அப்படியே விடவும் வேண்டாம். தரிசு என்ற ஒரு சொல் போதும், நூற்றாண்டுக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கிவிட.

9. வனச்சட்டம் இருக்கும்போது நம்பிக்கைக்கு என்ன வேலை? அல்லது நம்பிக்கை இருக்கும்போது சட்டம் எதற்கு?

இரண்டும் வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. அப்படி அறிவித்தால் வழிபாடு நின்றுவிடும் என்று பல ஊர்களில் அஞ்சுகிறார்கள். உள்ளூர் மக்கள் தாமாக ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடுகளைத் தவிர, வழக்கத்தில் உள்ள பயன்பாடுகளை இந்த அறிவிப்பு தடுக்கக் கூடாது என்பதே இதற்கான வழிகாட்டுதல்.

தமிழ்நாட்டில் முதலில் 2022இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி இவ்வாறு அறிவிக்கப்பட்டது, காசம்பட்டி இரண்டாவது. அறிவிப்பு மட்டுமே காத்துவிடாது என்பதையும் அரிட்டாபட்டி காட்டியது. 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட நிலப்பரப்பில் அந்தத் தலமும் அடங்கியிருந்தது. சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தபின், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்களின் உறுதிக்கு மலையோடும் சுனையோடும் அவர்களுக்கு இருந்த வழிபாட்டு உறவும் ஓர் ஊற்று.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தானின் தெய்வக் காடுகள் குறித்து அளித்த தீர்ப்பில், அவற்றை அளந்து, வரைபடமாக்கி, முறையாக அறிவிக்கும்படி அம்மாநிலத்துக்கு ஆணையிட்டது. நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்க மத்திய அரசுக்குப் பரிந்துரையும் செய்தது. எட்டாவது பதிலில் சொன்ன ஆவணச் சிக்கலுக்கு இது ஒரு வழி.

10. சாமிக்குப் பெரிய கோயில் கட்டுவது நல்ல காரியம்தானே? அதைப்போய் ஏன் குறை சொல்கிறீர்கள்?

கட்டுபவர்களின் பக்தியை நான் ஐயப்படவில்லை. வெளியூரில் உழைத்துச் சம்பாதித்துக் குலதெய்வத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருபவர்களின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பல காடுகளைக் கோடரியைவிடக் கட்டடமே அதிகம் சுருக்கியிருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். முதலில் திறந்தவெளிச் சாமிக்கு ஒரு கூரை வரும். பிறகு மண்டபம், அதற்கு ஜல்லி ஏற்றிய லாரி வரப் பாதை, பாதை அமைந்ததும் வண்டி நிறுத்த இடம், விருந்து சமைக்கக் கொட்டகை, சுற்றுச்சுவர். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மரம்தான் போகும். பத்து ஆண்டில் நடுவில் பளபளக்கும் ஒரு கோயில் இருக்கும், காடு சுவருக்கு வெளியே ஒரு வரிசை மரமாக நிற்கும்.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. காடே சாமியின் வீடு என்று இருந்தவரை, உள்ளே உள்ள ஒவ்வொரு புதரும் தெய்வத்தின் உடைமை. சுவர் எழுந்து கருவறைக்குக் கதவு போட்டபின், தெய்வம் கதவுக்குள்ளே இருக்கிறது, வெளியே இருப்பது வெறும் புதர் என்று மனம் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது. அதன்பின் 'சுத்தம் செய்கிறோம்' என்று புதரை அகற்றுபவரை யாரும் தடுப்பதில்லை. மூன்றாவது பதிலில் சொன்ன காயாவும் குருந்தும் அப்படிப் போனவைதான். கட்டியே ஆக வேண்டும் என்றால், காட்டின் விளிம்பில், ஏற்கெனவே மரமற்ற திடலில் கட்டலாம். சாமிக்கு அடியில் உள்ள பீடத்தை மட்டும் செப்பனிட்டுவிட்டு, மீதிப் பணத்தில் காட்டுக்கு எல்லைக்கல் நட்ட ஓர் ஊரை எனக்குத் தெரியும். அந்த ஊர்க் காட்டில் நடக்கும்போது மனம் நிறைகிறது.

11. மரத்தில் மஞ்சள் கயிறும் தொட்டிலும் கட்டுகிறோம். இதனால் மரத்துக்குக் கெடுதலா?

பருத்தி நூலும் துணித் தொட்டிலும் வெயில் மழையில் இற்று விழுந்துவிடும், பெரிய கெடுதல் இல்லை. நைலான் கயிறும் பிளாஸ்டிக் நாடாவும் அப்படி இல்லை. கிளை பருக்கப் பருக்க அவை பட்டைக்குள் இறுகி, சாறு ஓடும் வழியை அடைத்துவிடும். ஆணி அடிப்பது அதைவிடக் கொடியது. ஒரு கிழட்டு இலுப்பையில் அடித்த சூலத்தைப் பட்டை மெல்ல மூடி, இரண்டு முனை மட்டும் வெளியே தெரிந்ததைக் கண்டேன். மரம் சூலத்தை ஏற்றுக்கொண்டது என்று அங்கே பெருமையாகச் சொன்னார்கள். தட்டிப் பார்த்தபோது உள்ளே பொள்ளல் விழுந்திருந்தது, காயத்தின் வழியே நுழைந்த பூஞ்சை வேலை செய்துகொண்டிருந்தது.

விளக்கை அடிமரத்தில் சாய்த்து வைக்காமல் சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் ஏற்றுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டாதீர்கள், வேருக்குக் காற்றும் நீரும் போகாது.

12. கருங்காலி மாலை போட்டால் நல்லது என்கிறார்கள். அதுவும் மரத்தின் மீதுள்ள பக்திதானே?

இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறேன்: இந்தப் பக்தி மரத்துக்குப் பகை. அண்மை ஆண்டுகளில் கருங்காலி மாலை, வளையல், கோல் ஆகியவற்றின் மேல் பெரும் மோகம் எழுந்திருக்கிறது. கருங்காலியின் நடுவில் உள்ள வைரம் மட்டுமே கறுப்பு. மிக மெதுவாக வளரும் மரம் அது, வைரம் பாய நீண்ட காலம் ஆகும். சாயம் ஏற்றிய வேறு மரங்களும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. போலி என்றால் வாங்குபவர் ஏமாறுகிறார், அசல் என்றால் எங்கோ ஒரு காட்டில் ஒரு முதுமரம் விழுந்திருக்கிறது.

நான்காவது பதிலில் சொன்ன கட்டுப்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: சாமிக் காட்டு மரம் வீட்டில் தங்காது என்றார்கள் நம் முன்னோர். மரத்தின் ஆற்றல் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பது அந்த மரபு. கருங்காலியிடம் வேண்டுதல் இருந்தால் அது நிற்கும் காட்டுக்குப் போய் அதன் அடியில் நின்று வேண்டிக்கொள்ளலாம்.

13. காட்டுக்குள் சீமைக்கருவேலம் புகுந்துவிட்டது. அதை வெட்டினாலும் சாமி குத்தம் என்கிறார்களே?

கட்டுப்பாடு காட்டுக்கே எதிராகத் திரும்பும் இடம் இது. சீமைக்கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. அடர்ந்த நிழலில் அது எளிதில் வளராது. எனவே அது முளைத்திருக்கும் இடம், மரம் விழுந்தோ வெட்டுண்டோ வெயில் புகுந்த இடம் என்று பொருள். அரிவாள் எடுக்கக் கூடாது என்ற விதி அதற்கும் காவலாகிவிடுகிறது.

பெரும்பாலான ஊர்களில் இதற்கும் மரபிலேயே வழி இருக்கிறது: உத்தரவு கேட்பது. பூ வைத்துப் பார்த்தோ சாமியாடியிடம் கேட்டோ இசைவு பெற்று, நாள் குறித்து, ஊரார் கூடிச் செய்தால் யாருக்கும் மனக்குறை வராது. ஆனால் பொக்லைன் இயந்திரத்தை உள்ளே விடாதீர்கள். அது கருவேலத்தோடு சருகையும் கன்றையும் வாரிவிடும், ஐந்தாவது பதிலில் சொன்ன ஈர மண்ணைப் புரட்டிப் போட்டுவிடும். ஆட்களைக் கொண்டு, வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் பல கிளையாகத் தழைக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்காமல், விளிம்பிலிருந்து பகுதி பகுதியாக எடுங்கள்.

14. காலியான இடத்தில் என்ன மரம் நடலாம்? தேக்கும் மகோகனியும் கன்று இலவசமாகக் கிடைக்கிறது.

அவை தோட்டத்துக்கு ஏற்றவை, இங்கே வேண்டாம். அதே காட்டில் உள்ள தாய்மரத்தின் விதையே முதல் தேர்வு, இல்லையென்றால் அடுத்த ஊர்க் காட்டின் விதை. பழம் விழுந்தவுடன் எடுத்து, சதையைக் கழுவி, காயவிடாமல் உடனே பையில் ஊன்றுங்கள். இவை மெதுவாக வளரும் மரங்கள். முதல் இரண்டு ஆண்டில் முழங்கால் உயரம் வந்தாலே நல்ல வளர்ச்சி என்று கொள்ள வேண்டும். பல இடங்களில் நடவே தேவையில்லை, ஆடு நுழையாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

15. எங்கள் ஊரில் சில சாதியாரும் பெண்களும் அந்தக் காட்டுக்குள் போகக் கூடாது என்கிறார்கள். அதையும் மரபு என்று காப்பாற்ற வேண்டுமா?

வேண்டாம். மரத்தைக் காக்கும் கட்டுப்பாடு வேறு, மனிதரை விலக்கும் கட்டுப்பாடு வேறு. அரிவாள் எடுத்துப்போகக் கூடாது என்பதால் காடு பிழைக்கிறது. இன்னார் நுழையக் கூடாது என்பதால் ஒரு கன்றும் கூடுதலாக முளைப்பதில்லை. விலக்கப்பட்டவர்களுக்கு அந்தக் காடு தங்களுடையது என்ற உணர்வு வராது, ஆக்கிரமிப்பு வரும் நாளில் அவர்கள் ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை.

எந்தக் கொடி எப்போது காய்க்கும், எந்த மரத்தடியில் கன்று வருகிறது என்பதை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆடு மேய்ப்பவர்களும் கீரை பறிக்கும் பெண்களும்தான். அவர்களில் சிலர் காட்டின் விளிம்பில் நின்றபடியே உள்ளே கைநீட்டிக் காட்டினார்கள்.

16. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். மகா சிவராத்திரிக்கு மட்டும் குலதெய்வம் கும்பிடப் போகிறோம். எங்களால் என்ன செய்ய முடியும்?

குடிபெயர்ந்தவர்கள் காட்டிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் சாமியை நிறுத்திக்கொள்வது பழைய வழக்கம். மரத்தை எடுத்துச் செல்லாமல் ஒரு கைப்பிடி மண்ணை மட்டும் எடுத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். நீங்கள் போகும்போது வண்டியைக் காட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். இலையில் சாப்பிடுங்கள், பிளாஸ்டிக் குவளையையும் தண்ணீர்ப் பையையும் திருப்பி எடுத்து வாருங்கள். பொங்கல் அடுப்பை மரத்தடியில் மூட்டாதீர்கள், கிளம்பும் முன் தணலில் தண்ணீர் ஊற்றுங்கள். நன்கொடை கொடுப்பதென்றால், எதற்கு என்று கேட்டு, பத்தாவது பதிலை மனத்தில் வைத்துக் கொடுங்கள். வெளியூர்ப் பங்காளிகளின் பணம்தான் பெரும்பாலும் கட்டடத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், கட்ட வேண்டாம் என்று சொல்லும் வலிமையும் உங்களிடமே இருக்கிறது.

17. எல்லாக் கட்டுப்பாடும் தெரிந்த பெரியவர் போய்விட்டார். இனி யார் எடுத்துச் சொல்வது?

அண்மையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், அது தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோயில்காடு அதில் இல்லையென்றால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மரப்பெயர்களை ஊர் வழக்கில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். கட்டுப்பாடுகளையும் எழுதுங்கள்: எந்த மரம்வரை எல்லை, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எந்தச் சுள்ளியை எடுக்கலாம், மீறினால் தெண்டம் என்ன.

பெரியவர் போய்விட்டாலும் அவரோடு காட்டுக்குப் போன யாராவது இருப்பார்கள். அவரது பேத்தியாக இருக்கலாம், அங்கே ஆடு தொலைத்து அடி வாங்கிய பையனாக இருக்கலாம். ஒரு காலை வேளையில் அவர்களை அழைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன், நோட்டும் பேனாவுமாகக் காட்டைச் சுற்றி வாருங்கள். மரத்தின் அடியில் நின்றால்தான் அதன் பெயர் நினைவுக்கு வரும்.